ஐந்தாவது வரியில் ஓர் ஆர்ட்டின்

அந்துருண்டையின் காரமும் புதுப் பிளாஸ்டிக் உறையின் வாடையும் கலந்து, கதவைத் திறந்த மாத்திரத்தில் மூக்கைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஒரு வாசனை. கம்ப்யூட்டர் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். எலி வயரைக் கடித்துவிடும் என்று பயந்து எங்கள் பள்ளியின் அலுவலக உதவியாளர் மேசைக்கு மேசை ஒரு கைப்பிடி அந்துருண்டையைக் கொட்டி வைத்திருந்தார். எலி வந்ததோ இல்லையோ, அந்த அறைக்குள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுந்தால் என் பள்ளிக்கூடத் தாவணி, பீரோவிலிருந்து அப்போதுதான் எடுத்த கல்யாணப் பட்டு போல இரண்டு நாளைக்கு மணக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அக்காமார்கள், "எந்த ஊரு விசேசத்துக்குப் போயிட்டு வார?" என்று கேட்பார்கள். "கம்ப்யூட்டருக்கு" என்று சொல்வதில் எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்லை.

பள்ளியின் பெயரை எழுதப்போவதில்லை. இதில் வரும் தலைமையாசிரியரின் மகள் இன்று எனக்கு நல்ல தோழி. அவளுடைய அப்பாவை ஊரறியக் கிண்டல் செய்ய எனக்கு உரிமை இல்லை, பெயர் சொல்லாமல் செய்துகொள்ளலாம். தொண்டிக்குப் போகும் சாலையில் இருந்தது பள்ளி. பாதிப் பிள்ளைகள் கடலோரத்திலிருந்து வந்தவர்கள். அத்தா என்று அவர்கள் கூப்பிடும் அப்பாக்களில் பலர் துபாயிலும் சவூதியிலும் இருந்தார்கள். மீதிப் பாதி எங்களைப் போல உள்ளே தள்ளியிருந்த நெல் விளையும் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். பதினோராம் வகுப்பில் "கம்ப்யூட்டர் குரூப்" தொடங்கிய முதல் வருஷம் அது. நாங்கள் ஜூனில் சேர்ந்துவிட்டோம். கம்ப்யூட்டரோ, அரையாண்டுத் தேர்வு முடிந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அந்த ஆறு மாதமும் நோட்டில் கீபோர்டைப் படமாக வரைந்து, அதன்மேல் விரலை வைத்து அடித்துப் பழகினோம் என்று சொன்னால் இன்றைய பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். காகிதக் கீபோர்டில் வகுப்பிலேயே எனக்குத்தான் வேகம் அதிகம், தப்பே வராது.

வந்தவை மூன்று. அதில் ஒன்று கடைசிவரை கண் விழிக்கவில்லை, இன்னொன்று பாதி வேலையில் தூங்கிவிடும், ஆக முப்பத்தொரு பேருக்கும் முழுதாக இருந்தது ஒன்றுதான். செருப்பை வராண்டாவில் விட்டு, காலைக் கழுவி, கோயிலுக்குள் நுழைவதைப் போல் நுழைய வேண்டும். பெண் பிள்ளைகளுக்குச் செவ்வாயும் வியாழனும் மட்டும், மற்ற நாளெல்லாம் பையன்களுக்கு. சாவி தலைமையாசிரியரின் சட்டைப் பையில் இருக்கும். அவரை நாங்கள் "பெரிய சார்" என்போம். வரலாறு படித்தவர், படை எடுத்து வந்தவர்கள் எல்லோரையும் தேதியோடு சொல்லுவார், ஆனால் தன் பள்ளிக்குள் வந்து இறங்கிய இந்த மூன்று பெட்டிகளை மட்டும் அவருக்கு நம்பிக்கையோடு பார்க்க முடியவில்லை.

எனக்கு ஊர் பனையேந்தல். அப்பாவை நாங்கள் அய்யா என்போம். அய்யா அந்தச் சுற்றுவட்டாரத்துக்கே "அளவுகாரர்". அறுவடை நாளில் யார் களமானாலும் மரக்காலைப் பிடித்து நெல் அளக்க அவரைத்தான் கூப்பிடுவார்கள், ஏனென்றால் அவர் கை யார் பக்கமும் சாயாது. பத்தாவதுக்கு மேல் பஸ் ஏறிப் படிக்கப் போன முதல் பெண் எங்கள் ஊரில் நான்தான். அதற்கு நான் பிடித்த பிடி, "கம்ப்யூட்டர் அந்தப் பள்ளிக்கூடத்துல மட்டுந்தான் இருக்கு" என்பது. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு வாய் பேசினார்கள். அய்யா காதில் வாங்காமல் என்னைச் சேர்த்துவிட்டார். எங்கே ஒரு சின்னச் சொல் வரும், எப்போது "அன்னைக்கே சொன்னமே" என்று சொல்லலாம் என்று ஊரே காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ரஹ்மத் டீச்சர். பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிக டீச்சர், தொண்டிக்காரர், கல்லூரி முடித்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எங்களைவிட ஐந்தாறு வயதுதான் மூத்தவர் என்பதால் கோபப்பட முயன்றாலும் அவருக்கு வராது. ஒவ்வொரு தடவையும் ப்ரோக்ராமை ஓட விடும் பொத்தானை அழுத்துமுன், அல்லாவின் பெயரால் தொடங்குவதாகச் சொல்லும் "பிஸ்மி"யை வாய்க்குள் சொல்லிக்கொள்வார். அதுவும் ப்ரோக்ராம் மொழியின் ஒரு பகுதி என்றே நினைத்து, முதல் வாரம் ஒரு பையன் அதையும் நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

ஒரே பெயரில் பல பொருள்களை வரிசையாக அடுக்கி வைக்கும் பாடத்தை அவர் நடத்திய விதம் எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. ஐந்து பேரைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி, ஆளுக்கொரு அட்டையைக் கொடுத்தார். ஒவ்வோர் அட்டையிலும் ஓர் எண்: சைபர், ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. முதல் ஆளுக்குத்தான் சைபர். யாரும் வாங்கவில்லை. சைபர் என்றால் எங்களுக்கு "முட்டை". கணக்குப் பரீட்சையில் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் அடி வாங்குவது. வரிசையில் முதலில் நின்ற பையன் அட்டையைப் பார்த்ததும் நைசாகக் கடைசிக்குப் போனான், அவனுக்கு அடுத்தவன் அவனுக்குப் பின்னால் போனான், வரிசை பின்னோக்கியே வளர்ந்ததே தவிர முதலிடத்துக்கு ஆள் வரவில்லை. கடைசியில் டீச்சரே சைபர் அட்டையைப் பிடித்துக்கொண்டு முதலில் நின்றார். "மெஷின் மொத ஆள சைபர்னுதான் கூப்புடும். ஏன்னு கேக்காதீங்க, அப்படித்தான்" என்றார். நாங்கள் கேட்டோம். சைபர் என்றால் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாத இடத்தில் ஓர் ஆள் எப்படி நிற்பான்? டீச்சருக்கு விடை தெரியும், அதை எங்கள் மண்டைக்குள் இறக்கும் வழிதான் தெரியவில்லை. தலையை ஆட்டிவிட்டு எல்லோரும் ஒன்றிலிருந்தே எழுதினோம்.

அந்த வியாழக்கிழமை திரைக்கு முன்னால் உட்காரும் முறை என்னுடையது. ஐந்து பெயர்களை வரிசையாக வைத்து ஒன்றன்கீழ் ஒன்றாக அச்சிடும் ப்ரோக்ராம். எந்தப் பெயர்கள் என்பது அவரவர் விருப்பம். மற்றவர்கள் தோழிகள் பெயரையும் பழங்களையும் போட்டார்கள். நான் என் பஸ் நிற்கும் ஊர்களை ஆங்கில எழுத்தில் அடித்தேன். முதலில் பனையேந்தல், பிறகு சாத்தன்வயல், ஊருணிக்கரை, பாலம் ஸ்டாப், ஐந்தாவதாகப் பள்ளிக்கூடம். நீலத் திரையில் மஞ்சள் எழுத்துகள் விழ விழ, காகிதத்தில் பழகிய விரல்கள் நிஜக் கீபோர்டில் தானாக ஓடின. ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்ணி ஒவ்வொன்றாக அச்சிடு என்று முடித்தேன். டீச்சர் சொல்லும் பிஸ்மியை நானும் மனதுக்குள் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன்.

முதல் வரியில் சாத்தன்வயல் வந்தது. பிறகு ஊருணிக்கரை, பாலம், பள்ளிக்கூடம். என் ஊரைக் காணோம். ஜன்னலுக்கு வெளியே நின்ற பையன்களில் ஒருவன், "ஏலே, காளீஸ்வரி ஊர்ல பஸ் நிக்காதாம்லே!" என்று கத்தினான். அவன் சிரிப்பு முடிவதற்குள் ஐந்தாவது வரியைப் பார்த்துவிட்டான். அங்கே எந்த ஊரும் இல்லை. ஓர் "ஆர்ட்டின்" இருந்தது. சீட்டுக்கட்டில் வருமே, சினிமாப் போஸ்டரில் அம்பு குத்தி வருமே, அந்த இதய வடிவம், அழகாக, முழுதாக, பள்ளிக்கூடம் என்ற வார்த்தைக்கு நேர் கீழே.

ஜன்னலில் எழுந்த ஊளைச் சத்தத்தில் பெரிய சார் வந்துவிட்டார். அவர் முதலில் பார்த்தது திரையை, அடுத்துப் பார்த்தது என்னை, மூன்றாவதாகப் பார்த்தது ஜன்னலில் நின்ற பையன்களை. மூன்றையும் ஒரு கோட்டில் இணைத்துவிட்டார். ரஹ்மத் டீச்சர் எழுந்து, "சார், அது அவ அடிச்சது இல்ல. எண்ணுறதுல ஒரு எடம் தாண்டிருச்சு, அங்க கெடந்த குப்பை வந்துருக்கு" என்றார். "குப்பைன்னா குப்பையா வரணும். ஹார்ட்டு ஏன்மா வருது?" என்றார் பெரிய சார். கீபோர்டில் அப்படி ஒரு பொத்தானே இல்லை என்று டீச்சர் சொன்னதற்கு, "கம்ப்யூட்டர் படிச்சவங்களுக்கு வழியா தெரியாது?" என்று பதில் வந்தது. அறையைப் பூட்டினார். சாவி சட்டைப் பைக்குள் போனது. செய்யாத தப்புக்கு நிற்கும்போது வரும் ஊமைத்தனம் செய்த தப்புக்கு நிற்கும்போதுகூட வராது. அன்றைய கோபம் இன்னும் எனக்கு ஆறவில்லை, ஆற விடவும் போவதில்லை.

மாலையில் ஒரு கடிதம் கொடுத்துவிட்டார்கள். அய்யாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும், கூட்டி வாசிக்க வராது. ஆக, தன் மகளைப் பற்றிய குற்றப் பத்திரிகையைத் தன் மகளே வாசிக்கக் கேட்கும் நிலைமை அவருக்கு. "தங்கள் மகள் பள்ளிக் கணினியில் தகாத படம் வரைந்துள்ளார். வரும் திங்கள்கிழமை நேரில் வந்து விளக்கம் அளிக்கவும்." மாற்றி வாசித்திருக்கலாம். வாசல்படியில் நின்று ஒரு நொடி அந்த ஆசை வந்தது. ஆனால் அளவில் ஒரு பிடி நெல் கூடினாலும் திருப்பிக் கொட்டுகிற மனிதர் முன்னால் ஒரு வார்த்தையைக் குறைத்து வாசிக்க எனக்குத் துணிவில்லை. உள்ளது உள்ளபடி வாசித்தேன்.

"நீ போட்டியாத்தா?" என்றார்.

"இல்லைய்யா."

"அப்ப யாரு போட்டா?"

"மிசினாத்தான் போட்டுச்சு."

"மிசினுக்கு அம்புட்டு அறிவு இருக்கா?" என்று கேட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அவர் சொன்னது இதுதான்: "திங்கக்கெழம வாரேன். எங்கன இருந்து வந்துச்சுன்னு அதுக்குள்ள கண்டுபிடிச்சு வையி. நீ போடலைன்னு நான் நம்புறேன். ஆனா நான் நம்புனா மட்டும் பத்தாது, அங்கன நாலு பேரு பாக்கச் சொல்லணும். சொல்ல முடியலைன்னா டி.சி.ய வாங்கிட்டு வந்துருவோம். கெட்ட பேரோட ஒன்னைய பஸ் ஏத்த மாட்டேன்."

வெள்ளி, சனி, ஞாயிறு. மூன்று நாள். கம்ப்யூட்டர் பூட்டிய அறைக்குள். என்னிடம் இருந்தது காகிதக் கீபோர்டும் டீச்சர் எழுதிப்போட்ட பாடமும்தான். சைபரிலிருந்து எண்ண வேண்டும் என்பது நோட்டில் இருக்கிறது, அப்படி எழுதினால் சரியாகிவிடும் என்பதும் தெரிகிறது, ஆனால் ஏன் என்று யாராவது திருப்பிக் கேட்டால் மறுபடி ஊமையாகத்தான் நிற்பேன். பெரிய சார் கேட்பார். வரலாற்று ஆசிரியர்கள் ஏன் என்றுதான் கேட்பார்கள்.

சனிக்கிழமை தெற்குத் தெருக்காரர்கள் களத்தில் அளவு. அய்யாவுக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டு போனேன். இரண்டு வீட்டு நெல் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு அம்பாரமாகக் குவிந்து கிடந்தது, நடுவில் ஒரு வரிசை வைக்கோல்தான் எல்லை. அய்யா மரக்காலை நெல்லுக்குள் அமுக்கி, தலைதட்டித் தூக்கி, சாக்கில் கொட்டிக்கொண்டே பாடுகிற குரலில், "லாபம்... லாபம்... லாபம்..." என்றார். அடுத்த மரக்காலுக்கு "ரெண்டே... ரெண்டே..." என்றார். பிறகு "மூணே..." எங்கள் பக்கம் நெல் அளக்கிற எவரும் முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார்கள், தொடங்கும்போதே விளைச்சல் பெருகட்டும் என்று "லாபம்" என்பார்கள். பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் குரல். அய்யா வாயால் களத்தில் "ஒண்ணு" என்ற சொல்லை நான் கேட்டதே இல்லை. அப்படியும் அவர் கணக்கு ஒருநாளும் ஒன்று குறைந்தது கிடையாது.

தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டேன். லாபம் என்பது எண்ணே இல்லை. அது முதல் மரக்காலுக்கு வைத்த பெயர். பெயர் லாபம் என்பதால் மரக்காலுக்குள் லாபமா இருக்கிறது, நெல்தானே இருக்கிறது? அதேபோல மெஷின் முதல் ஆளுக்கு வைத்திருக்கும் பெயர் சைபர். பெயர் சைபர் என்பதால் அந்த இடம் காலி என்று அர்த்தமில்லை, அங்கே என் பனையேந்தல் உட்கார்ந்திருக்கிறது! நான்தான் லாபத்தைத் தொடாமல் அடுத்ததிலிருந்து அளக்கச் சொல்லிவிட்டேன். களத்தில் கத்த முடியாது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, வைக்கோல் போரைச் சுற்றி ஓடிப்போய் இரண்டு குதி குதித்துவிட்டு வந்தேன். அய்யா பார்த்தார், எண்ணிக்கை நடுவில் பேசக்கூடாது என்பதால் "ஏழே... ஏழே..." என்று சொல்லிக்கொண்டே புருவத்தை மட்டும் உயர்த்தினார்.

திங்கள்கிழமை கம்ப்யூட்டர் அறைக்குள் நாங்கள் நான்கு பேர்: பெரிய சார், ரஹ்மத் டீச்சர், அய்யா, நான். ஜன்னல் முழுக்க என் வகுப்பு. அய்யா சொல்லாமலே காலைக் கழுவிக்கொண்டு வந்தார். உட்காரச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. "மொதல்ல தப்பாத்தான் ஓட்டப்போறேன் சார்" என்றேன். டீச்சர் என் காதருகே குனிந்து, "அதே படம் திரும்ப வரும்னு எனக்கே உறுதியில்லம்மா, எது வேணும்னாலும் வரும்" என்றார். ஆர்ட்டின் வராமல் வெறும் வரி வந்தால், போன வாரம் வந்ததை நான்தான் போட்டேன் என்று ஆகிவிடுமே. ஒவ்வொரு வரியையும் பெரிய சார் பார்க்கும்படி மெதுவாக அடித்தேன். ஐந்து ஊர். ஒன்றிலிருந்து ஐந்து. பொத்தானை அழுத்தினேன்.

சாத்தன்வயல், ஊருணிக்கரை, பாலம், பள்ளிக்கூடம். ஐந்தாவது வரியில் ஆர்ட்டின் இல்லை. மூன்று இலை வைத்த வேறொரு படம் இருந்தது.

"கிளாவருல்ல இது!" என்றார் பெரிய சார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. சீட்டாட்டம் ஊரைக் கெடுக்கிறது என்று திங்கள்கிழமை தோறும் கூட்டு வழிபாட்டில் பேசுகிறவர், கிளாவரைக் கண்ட வேகத்தில் அடையாளம் சொல்லிவிட்டார். ஜன்னலில் முப்பது பேர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆர்ட்டினுக்கு நான் பொறுப்பென்றால் கிளாவருக்கும் நான்தானே பொறுப்பு? ஆனால் எந்தப் பொத்தானையும் கூடுதலாக நான் தொடவில்லை என்பதை அவரே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்.

அய்யா மட்டும் சிரிக்கவில்லை. வரிகளை நான் ஒவ்வொன்றாக வாசிக்கக் கேட்டுவிட்டு, "மொதல்ல நம்ம ஊருல்ல வரணும், காணமே ஆத்தா?" என்றார். "விட்டுப்போச்சுய்யா. மொத மரக்கால நீங்க லாபம்னு சொல்ற மாதிரி, இது மொத எடத்த சைபர்னு சொல்லும். நான் லாபத்த விட்டுட்டு அடுத்ததுல இருந்து அஞ்சு அளக்கச் சொல்லிட்டேன்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்கு மேல் என்ன என்பதை நான் யோசித்தே வைத்திருக்கவில்லை.

அய்யா பெரிய சார் பக்கம் திரும்பினார். "சார், நான் படிக்காதவன், களத்துல அளக்குறவன். ஒரு அம்பாரத்துல அஞ்சே அஞ்சு மரக்கா நெல்லு இருக்குன்னு வைங்க. லாபத்த அளக்காம ஓரமா ஒதுக்கி வச்சுட்டு, ரெண்டாவதுல இருந்து ஆரம்பிச்சு அஞ்சு மரக்கா அளந்தா, அஞ்சாவது எங்கன இருந்து வரும்? பக்கத்து அம்பாரத்துலல்ல கை வைக்கணும்? அங்கன கேப்பை கெடந்தா கேப்பை வரும், உமி கெடந்தா உமி வரும். அதுக்கு எம்மக என்ன செய்வா?"

ரஹ்மத் டீச்சர் அய்யாவையே பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று வருஷம் கல்லூரியில் படித்து, ஒரு வகுப்பு முழுக்க அட்டை பிடித்துக்கொண்டு நின்று அவரால் எங்களுக்குச் சொல்ல முடியாமல் போனது, ஒரு மரக்கால் நெல்லில் முடிந்துவிட்டது. நான் திரையில் ஒரு வரியைக் கூட்டினேன். முதல் இடத்துக்கு லாபம் என்று பெயர் வைத்து, அதன் மதிப்பு சைபர் என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். பிறகு, லாபத்தில் தொடங்கி ஐந்து இடம் எண்ணு என்று மாற்றினேன். பெரிய சார் குனிந்து எழுத்துக் கூட்டி, "லாபமா? இது பாடத்துல இருக்கா டீச்சர்?" என்றார்.

"இல்ல சார்" என்றார் டீச்சர். "ஆனா ஓடும்."

ஓடியது. பனையேந்தல் முதல் வரியில் வந்து உட்கார்ந்தது. பள்ளிக்கூடம் ஐந்தாவது வரியில் நின்றது. அதற்குக் கீழே சுத்தமாக ஒன்றும் இல்லை. ஜன்னலில் கிளம்பிய சத்தத்தை அடக்க யாரும் முயலவில்லை. அய்யா திரைக் கண்ணாடியைத் தொடாமல் விரலை அருகே கொண்டுபோய், "இதா நம்ம ஊரு?" என்றார். "ஆமாய்யா" என்றேன். எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. அழுகை என்று அதைச் சொல்ல மாட்டேன், அது திமிர், பதினாறு வயதில் முதல் தடவையாக முழுசாகக் கிடைத்த திமிர். பெரிய சார் மூன்று முறை திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். மூன்று முறையும் பனையேந்தலில் பஸ் நின்றது. நான்காவது முறை, கொஞ்சம் தயங்கி, "அந்தத் தப்பானத ஒருவாட்டி ஓட்டு பாப்போம்" என்றார். அவருக்கும் ஆசை வந்துவிட்டது.

அய்யாவுக்கு நாற்காலி வந்தது. பெரிய சார் மன்னிப்பு என்ற சொல்லைச் சொல்லவில்லை; அந்தத் தலைமுறை ஆசிரியர்களுக்கு அது வராது. கடிதத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, "நீங்க களத்துல சொல்றத எங்க பயலுகளுக்கும் ஒருநாள் வந்து சொல்லணும்" என்றார். அப்போதுதான் ரஹ்மத் டீச்சர், சேர்ந்த நாளிலிருந்து குரலே உயராதவர், அவர் முன்னால் போய்க் கையை நீட்டினார். "சார், சாவி" என்றார். பெரிய சார் சட்டைப் பையைத் தடவினார், ஜன்னலைப் பார்த்தார், அய்யாவைப் பார்த்தார், எடுத்துக் கொடுத்துவிட்டார். மறுநாளிலிருந்து செவ்வாய், வியாழன் என்ற கணக்கெல்லாம் போய்விட்டது.

அந்த வருஷம் எங்கள் வகுப்பில் முப்பத்தொரு பேரும் லாபத்திலிருந்துதான் எழுதினோம். கடலோரப் பிள்ளைகளும் விடவில்லை. மீன் பெயர், கப்பல் பெயர், அத்தா வேலை பார்க்கும் ஊர்களின் பெயர் எல்லாம் லாபத்திலிருந்தே தொடங்கின. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், வரிசையாகப் பத்துப் பேரின் தாளில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, காப்பியடித்தார்களோ என்று டீச்சரைக் கூப்பிட்டாராம். டீச்சர் மரக்கால் கதையைச் சொன்னதும், பத்துத் தாளையும் கீழே வைத்துவிட்டு அவர் ஒரு டீ கேட்டாராம்.

இப்போது நான் முதுகுளத்தூர்ப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். போனவற்றின் பட்டியல் பெரிது. நீலத் திரை போய்விட்டது. காலைக் கழுவிவிட்டு வரச் சொன்னால் பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இன்றைய மொழிகளில் எல்லை தாண்டி எண்ணினால் ஆர்ட்டினும் வராது, கிளாவரும் வராது. இத்தனையாவது வரியில் வரம்பு மீறிவிட்டாய் என்று சிவப்பில் மரியாதையாகச் சொல்லிவிடுகிறது. களத்தில் அறுவடை எந்திரம் வந்து நேராகச் சாக்கு நிரப்பிவிட்டுப் போகிறது, மரக்காலைத் தேடுகிற ஆளில்லை. அய்யாவிடம் அதைப் பற்றி வருத்தமாகக் கேட்டேன். "போனது நல்லதுத்தா, தோள்வலி தீந்துச்சு" என்றார். எனக்கும் எதையும் இழந்த மாதிரி இல்லை.

போன வாரம் பதினோராம் வகுப்பில் ஒரு பெண்ணின் திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. உதவலாம் என்று எழுந்து போனேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "கிட்ட வராதீங்க டீச்சர். எங்கன தப்புன்னு தெரிஞ்சுபோச்சு, நானே பிடிச்சுக்குறேன்" என்றாள். நான் வராண்டாவில் போய் நின்றேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் மேசையைத் தட்டிக் கூவியது அலுவலகம் வரை கேட்டிருக்க வேண்டும். எங்கள் தலைமையாசிரியை வெளியே வந்து, "யாரு அது, என்ன சத்தம்?" என்றார்.

"என் வகுப்புப் பிள்ளை மேடம். ப்ரோக்ராம் ஓடிருச்சு" என்றேன்.

அவர் சிரித்துவிட்டு உள்ளே போனார். எந்த அப்பாவுக்கும் கடிதம் போகவில்லை.